ஓட்டல் கூலியும் உடல்நலமும்: காரைக்காலில் நிலவும் நம்பிக்கைகளும் உண்மைகளும்

திருநள்ளாற்றுக்கு வரும் பக்தர்களையும் நாகூர், வேளாங்கண்ணி செல்லும் பயணிகளையும் நம்பி நடக்கும் காரைக்கால் ஓட்டல்களில் உழைக்கும் சப்ளையர், பரோட்டா மாஸ்டர், பாத்திரம் கழுவுவோர் ஆகியோரின் உடல்நலத்தை மருந்தைப் போலவே கூலியும் தீர்மானிக்கிறது. செய்யும் வேலையோ பிறந்த குடும்பமோ ஒருவரின் நோயையும் ஆயுளையும் முடிவு செய்யாத நிலையே நலவாழ்வுச் சமத்துவம் எனப்படும்; வருமானமும் வேலைச் சூழலும் அதற்கு அடிப்படை என்பதை மைக்கேல் மார்மட் தலைமையிலான உலகச் சுகாதார நிறுவன ஆணையம் 2008-இல் வலியுறுத்தியது.

நம்பிக்கை: தமிழ்நாட்டின் ஊதிய அறிவிப்பே காரைக்காலுக்கும் பொருந்தும்.

உண்மை: தமிழ்நாட்டு மாவட்டங்கள் சூழ்ந்திருந்தாலும் காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது என்பதால், இங்குள்ள குறைந்தபட்ச ஊதியத்தைப் புதுச்சேரி அரசே நிர்ணயிக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு மிகாத இடைவெளியில் அதை மறுஆய்வு செய்ய வேண்டும் என்ற 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் விதி 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது.

நம்பிக்கை: ஓட்டலிலேயே சாப்பாடு கிடைப்பதால் குறைந்த கூலி போதும்.

உண்மை: ஓட்டல் சாப்பாடு தொழிலாளியின் பசியை மட்டுமே ஆற்றும். ஆனால் 1957-இல் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, உழைப்பவர் ஒருவரை நம்பிய குடும்பத்தை மூன்று நுகர்வு அலகுகளாகக் கொண்டு, உணவு, உடை, வாடகை, எரிபொருள் ஆகியவற்றைக் கணக்கிட்டே ஊதியம் அமைய வேண்டும் என்றது. 1991-இல் உச்ச நீதிமன்றம் பிள்ளைகளின் கல்வி, மருத்துவம் முதலிய செலவுகளையும் அதில் சேர்த்தது. ஆகவே கூலி குறையும்போது வீட்டிலிருக்கும் மனைவி மக்களின் பாலும் பருப்பும் காய்கறியுமே முதலில் குறைகின்றன.

நம்பிக்கை: அரசு மருத்துவமனையில் இலவசச் சிகிச்சை இருக்கையில் கூலிக்கும் நோய்க்கும் தொடர்பில்லை.

உண்மை: சிகிச்சை இலவசமானாலும், வேலைக்குப் போகாத நாளின் கூலி போய்விடுகிறது. அதனால் காய்ச்சலோடும் வயிற்றுப்போக்கோடும் வேலைக்கு வருபவரின் நோய் முற்றுவதோடு, அவர் கைபடும் உணவின் வழியே உண்பவருக்கும் தொற்று பரவக்கூடும். பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் ஓட்டல்களில், மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கு இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் உரியது. தகுதியுள்ளவர் நோயுற்றால் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காட்டைப் பெறலாம். பெயரைப் பதிவேட்டில் சேர்க்காமல் வேலை வாங்கும்போது இந்தப் பாதுகாப்பு பறிபோகிறது.

நம்பிக்கை: கூலி உயர்ந்தால் ஓட்டல்கள் ஆட்களைக் குறைத்துவிடும்.

உண்மை: அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் 1992-இல் குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தியபோது, அங்கும் எல்லைக்கு அப்பால் பென்சில்வேனியாவிலும் இருந்த துரித உணவகங்களைப் பொருளியலாளர்களான டேவிட் கார்டும் ஆலன் குருகரும் ஒப்பிட்டு, வேலைவாய்ப்பு குறைந்ததற்குச் சான்றில்லை எனக் கண்டனர். மிகப் பெரிய உயர்வுகளின் விளைவு குறித்துப் பொருளியலாளரிடையே விவாதம் தொடர்ந்தாலும், எந்த உயர்வும் வேலையிழப்பில்தான் முடியும் என்ற அச்சத்திற்கு ஆதாரமில்லை.

நம்பிக்கை: தொழிலாளியே குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்டால் தவறில்லை.

உண்மை: குறைந்தபட்ச ஊதியத்தை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என 1948-ஆம் ஆண்டுச் சட்டமே கூறியது; மேலும், அந்த ஊதியத்திற்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உரிய காலத்தில் ஊதிய மறுஆய்வு, முறையான ஆய்வாளர் சோதனை, விடுபடாத இ.எஸ்.ஐ. பதிவு ஆகிய மூன்றையும் புதுச்சேரி அரசு உறுதி செய்ய வேண்டும். இவை இல்லாமல் காரைக்காலின் நலவாழ்வுத் திட்டம் எதுவும் முழுமை பெறாது.