கொடுங்கோலனுக்கு வைத்தியம் பார்க்கலாமா?

கேள்வி: ஐயா, மாவோ சேதுங்கின் வைத்தியராக இருந்த லீ சிசுயி எழுதிய புத்தகத்தை வாசித்ததிலிருந்து எங்கள் விடுதியில் வாக்குவாதம் ஓயவில்லை. "அப்படிப்பட்ட ஒருவரை இருபது வருடத்துக்கு மேல் நலமாக வைத்திருந்தவரும் குற்றத்தில் பங்காளிதான்" என்கிறார்கள் சிலர். "வைத்தியருக்கு நோயாளி மட்டும் தெரிந்தால் போதும்" என்கிறார்கள் மற்றவர்கள். 2009 இல் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் வேலை செய்த வைத்தியர்கள் பிறகு கொழும்பில் சொன்னவற்றைப் பற்றியும் வீட்டில் இன்றும் கதை வரும். ஒரு வைத்தியர் அதிகாரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் போகலாம்?
- மருத்துவபீட மாணவி, தர்மபுரம்

பதில்: பிள்ளை, தலைப்புக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். பார்க்கலாம், நோயோடு வந்தால் பார்த்தே ஆகவேண்டும். 1948 இல் உலக மருத்துவ சங்கம் ஏற்றுக்கொண்ட ஜெனீவாப் பிரகடனம், நோயாளியின் இனமோ மதமோ அரசியலோ வைத்தியரின் கடமைக்குக் குறுக்கே வரக்கூடாது என்கிறது. நெஞ்சுவலியோடு வந்தவர் என்னென்ன செய்தார் என்று விசாரிக்க நீதிமன்றம் இருக்கிறது. தகுதி பார்த்து மருந்து கொடுக்கும் வழக்கம் ஒருமுறை தொடங்கிவிட்டால், அது கொடுங்கோலனோடு நிற்காது. அடுத்த கட்டிலில் கிடக்கும் ஏழைக் கைதிக்கும் அதே கதிதான்.

அப்படியென்றால் குற்றம் எங்கே தொடங்குகிறது? ஹிட்லரின் இரண்டு வைத்தியர்களை எடுத்துப் பாருங்கள். தெயோடோர் மொரெல் ஹிட்லருக்கு வருடக்கணக்காக ஊசி மேல் ஊசி போட்டவர். அவருடைய வைத்தியம் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் போருக்குப் பிறகு அவர்மீது வழக்கு எதுவும் தொடுக்கப்படவில்லை. கார்ல் பிராண்ட், 1934 முதல் ஹிட்லரின் பயணங்களில் கூடவே போன சத்திரசிகிச்சை நிபுணர். மனநோயாளிகளையும் உடற்குறை உள்ளவர்களையும் கொல்லும் திட்டத்தை ஹிட்லர் இரண்டு பேரிடம் ஒப்படைத்தபோது, அதில் ஒருவர் இவர். நியூரம்பேர்க் வைத்தியர் வழக்கில் 1947 இல் மரணதண்டனை விதிக்கப்பட்டு 1948 ஜூனில் தூக்கிலிடப்பட்டார். ஹிட்லருக்கு மருந்து கொடுத்ததற்காக அவர் தூக்குமேடை ஏறவில்லை. தன் அறிவைக் கொலைக்குக் கொடுத்ததற்காக ஏறினார்.

உண்மையைச் சொன்னதற்காகத் துன்பப்பட்டவர்களும் உண்டு. ஸ்டாலினைப் பரிசோதித்த பேராசிரியர் வினோகிராதொவ், 1952 இல் அவரை ஓய்வெடுக்கச் சொன்னார். அந்த ஆண்டு நவம்பரில் கைதானார். 1953 ஜனவரியில், தலைவர்களைக் கொல்ல வைத்தியர்கள் சதி செய்தார்கள் என்று அரசு அறிவித்தது. மார்ச் தொடக்கத்தில் ஸ்டாலின் பக்கவாதத்தில் விழுந்தபோது, அவர் உடம்பை நன்றாக அறிந்த வைத்தியர்கள் சிறையில் இருந்தார்கள். மற்ற வைத்தியர்கள் அடுத்த நாள் காலையில்தான் அழைக்கப்பட்டார்கள். ஸ்டாலின் இறந்து ஒரு மாதத்தில், சதி எதுவும் நடக்கவில்லை என்று அரசே ஒப்புக்கொண்டு, சிறையில் இருந்தவர்களை விடுவித்தது.

லீ சிசுயியின் நிலை பிராண்டுக்கும் வினோகிராதொவுக்கும் நடுவில். 1954 முதல் மாவோ இறந்த 1976 வரை கூடவே இருந்தார். விலகிப்போக விரும்பியும் விடவில்லை என்கிறார். என்னை உறுத்துவது அவர் எழுதிய வேறொரு விடயம். மாவோவுக்குப் பாலுறவால் பரவும் ஒரு தொற்று இருந்தது. தனக்கு அது தொந்தரவு தரவில்லை என்று சொல்லி அவர் மருந்தெடுக்க மறுத்தார். அவரிடம் வந்துபோன இளம்பெண்களுக்கு அது பரவியது. அந்தப் பெண்களும் நோயாளிகள்தானே? ஒருவருக்கு மட்டுமே வைத்தியர் என்ற பதவியின் ஆபத்து இங்கே இருக்கிறது. அந்த ஒருவரைத் தவிர மற்றவர்கள் கண்ணில் படாமல் போய்விடுகிறார்கள்.

இனி உங்கள் ஊரின் கதை. போரின் கடைசி மாதங்களில் வன்னியில் நின்ற அரச வைத்தியர்கள் எவருக்கும் சொந்த வைத்தியர்களாக இருக்கவில்லை. ஆனால் எதிர்த்துப் பேசமுடியாத இரண்டு அதிகாரங்களுக்கு நடுவில் நின்றார்கள். சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. நிலம் புலிகளின் கையில் இருந்தது. கிளிநொச்சி வைத்தியசாலை இடம்பெயர்ந்து தர்மபுரத்துக்கு வந்தது. 2009 ஜனவரி நடுவில் தர்மபுரமும் படையினர் வசமானது. பிறகு புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று பாடசாலைகளிலும் தறப்பாளின் கீழும் வைத்தியம் நடந்தது. சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா முதலிய வைத்தியர்கள் காயக்காரரைப் பார்த்ததோடு நிற்கவில்லை. செத்தவர்களை எண்ணினார்கள், எந்த மருந்து இல்லை என்று எழுதினார்கள், அதை வெளியுலகுக்குச் சொன்னார்கள்.

அந்த எண்ணிக்கையும் வைத்தியம்தான். 2009 தொடக்கத்தில், போர் நடந்த பகுதிக்குள் ஏறத்தாழ 70,000 பேர்தான் இருக்கிறார்கள் என்றது அரசு. முடிவில் முகாம்களுக்கு வந்தவர்கள் 2,80,000 பேருக்கும் மேல். சனத்தைக் குறைத்துக் காட்டினால் மயக்கமருந்தும் சோறும் அந்தக் கணக்குக்குத்தான் போகும்.

மே மாதத்தில் அந்த வைத்தியர்கள் தடுத்துவைக்கப்பட்டார்கள். ஜூலை 8 ஆம் திகதி, தடுப்பிலிருந்தபடியே ஐந்து பேர் கொழும்பில் ஊடகவியலாளர் முன் கொண்டுவரப்பட்டு, தாங்கள் முன்பு சொன்ன கணக்குகள் புலிகளின் அழுத்தத்தால் மிகைப்படுத்தியவை என்றார்கள். அச்சத்தில் அப்படிச் சொல்ல நேர்ந்தது என்று பின்னாளில் வெளிநாட்டிலிருந்து சொன்னார் வரதராஜா. ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை, 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்பதைத் தள்ளிவிட முடியாது என்றது. வைத்தியசாலைகள்மீது படையினர் ஷெல் அடித்ததையும், வெளியேற முயன்ற சனத்தைப் புலிகள் சுட்டதையும் அதே அறிக்கை சொல்கிறது. உங்கள் வீட்டில் கதை வரும்போது இதைச் சொல்லுங்கள்: தடுப்பில் இருப்பவரின் வாயிலிருந்து வருவதை அவருடைய வாக்குமூலமாக எடுக்கக்கூடாது. குண்டுக்கு நடுவில் நின்று அவர்கள் எழுதியதையும் செய்ததையும் வைத்துத்தான் அவர்களை மதிப்பிட வேண்டும்.

ஆகவே என் முடிவு இது. வைத்தியர் தன் கையை யாருக்கும் கொடுக்கலாம். தன் அறிவைத் தீங்குக்குக் கொடுக்கக்கூடாது. தன் சொல்லை அதிகாரத்துக்கு விற்கக்கூடாது.

சர்வாதிகாரி எவரும் உங்களைக் கூப்பிடப்போவதில்லை. ஆனால் பயிற்சி முடித்து வேலைக்குப் போன முதல் வருடத்திலேயே, பொலிஸார் ஒரு சந்தேகநபரைக் கூட்டிவந்து, "காயம் இல்லை என்று எழுதித் தாருங்கள் டொக்டர்" என்று கேட்கக்கூடும். சித்திரவதைக்கு வைத்தியர் எந்த வகையிலும் துணைபோகக்கூடாது என்று 1975 தோக்கியோப் பிரகடனம் சொல்கிறது. இலங்கையிலும் 1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டப்படி சித்திரவதை குற்றம். பொலிஸாரை அறைக்கு வெளியே நிற்கச் சொல்லுங்கள். உடுப்பை விலக்கி முழு உடம்பையும் பாருங்கள். ஒவ்வொரு தழும்பையும் அளந்து, திகதியும் நேரமும் போட்டு எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் சட்ட வைத்திய அதிகாரிக்கு அனுப்புங்கள். அழுத்தம் வந்தால் தனியே சுமக்காமல் மூத்தவர் ஒருவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். பெரிய இடத்து நோயாளிகள் வந்தால் அன்போடு பாருங்கள். காணியும் பதவியும் வாங்காதீர்கள். பொது வார்டை ஒருநாளும் விடாதீர்கள்.

இந்தப் பழக்கத்தை இப்போதே, நோயாளியின் கட்டில் அட்டையில் கண்டதைக் கண்டபடி எழுதுவதிலிருந்து தொடங்குங்கள். சின்ன அதிகாரிக்காக ஒரு வரியை மாற்றாதவர்தான் பெரிய அதிகாரி முன்னாலும் மாற்றாமல் இருப்பார்.