படம் ஒன்று, மூளை பல

சித்தூரில் திரைப்படக் கொட்டகைக்குள் நுழைந்து, திரையைப் பாராமல் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? சிறுவனாக இருந்தபோது நான் பார்த்ததுண்டு. தமிழ்ப் படம் ஓடிக்கொண்டிருக்கும். தமிழ் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் கலந்து அமர்ந்திருப்பர். ஓரிடத்தில் கொட்டகை முழுவதும் ஒன்றாகச் சிரிக்கும். மற்றோரிடத்தில் பாதிப் பேர் சிரிப்பர். மீதிப் பேர் சிரித்தவர்களைப் பார்த்துச் சற்றுப் பின்னால் சிரிப்பர். 1911-ஆம் ஆண்டு வரை வடார்க்காட்டின் பகுதியாக இருந்த ஊர் அல்லவா? இரு மொழியும் ஒரே தெருவில் வழங்கும் மண் அது. இத்தனை பேர் உள்ளத்திலும் அந்நேரத்தில் நிகழ்வது ஒன்றுதானா, வேறு வேறா என்று அன்று எழுந்த ஐயம் என்னை விட்டு நீங்கவில்லை. திருப்பதிக்குப் படிக்க வந்த பின்புதான் இந்த ஐயத்துக்கு எண்களைக் கொண்டு விடை தேடும் துறை ஒன்று இருப்பதை அறிந்தேன். அத்துறையில் நான் கற்றதையும் தவறியதையும் நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொறி எதை அளக்கிறது?

மூளையின் ஒரு பகுதி மிகுதியாக உழைக்கும்போது அங்கே புதுக் குருதி பாய்கிறது. உயிர்வளி ஏந்திய குருதிக்கும் அதை இழந்த குருதிக்கும் காந்தத் தன்மையில் சிறு வேறுபாடு உண்டு. ஜப்பானிய அறிஞர் செய்ஜி ஒகாவா 1990-ஆம் ஆண்டில் இவ்வேறுபாட்டைப் பயன்படுத்தி மூளையைப் படமெடுக்க வழி காட்டினார். மருத்துவமனைகளில் நாம் காணும் எம்.ஆர்.ஐ. பொறியே இதற்குப் போதும். ஆகவே, பொறி எண்ணங்களைப் படிப்பதில்லை. குருதியின் ஏற்ற இறக்கத்தையே அளக்கிறது. அந்த ஏற்றமும் உடனே வருவதன்று. திரையில் ஒரு முகம் தோன்றினால், அதற்குரிய குருதி ஏற்றம் உச்சம் அடைய 5 அல்லது 6 நொடிகள் ஆகும். இந்தத் தாமதத்தை மறப்பவன் கணக்கில் தவறுவான்.

பழைய சோதனைகளில் ஒளிப்புள்ளி, தனிச்சொல், அசையாப் படம் ஆகியவற்றையே காட்டி வந்தனர். வாழ்க்கையோ அப்படிப்பட்டதன்று. முகமும் குரலும் இசையும் கதையும் ஒன்றாகவே நம்மை வந்து அடைகின்றன. எனவே, யூரி ஹாசனும் அவருடைய தோழர்களும் துணிந்து ஒரு முழுப் படத்தையே கையில் எடுத்தனர். 1966-இல் வெளிவந்த ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ என்னும் படத்தின் 30 நிமிடப் பகுதியை ஐவருக்குக் காட்டி, 2004-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். மூளைப் புறணியின் பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு, ஐவரிடமும் ஒரே தாளத்தில் ஏறி இறங்கியது!

அவர்கள் கையாண்ட முறை எளியது. ஒருவருடைய மூளையில் ஓரிடத்தை எடுத்துக்கொள்கிறோம். காதுக்கு மேலுள்ள செவிப்புலப் பகுதி என்று கொள்வோம். படம் ஓடும் நேரம் முழுவதும் அங்கு நிகழ்ந்த ஏற்ற இறக்கத்தை ஒரு தொடராக எழுதுகிறோம். மற்றவர்களின் அதே இடத்துத் தொடர்களைச் சேர்த்துச் சராசரி காண்கிறோம். பிறகு இரண்டுக்கும் ஒட்டுறவுக் கெழு கணக்கிடுகிறோம். முற்றிலும் ஒத்தால் 1. தொடர்பே இல்லையேல் 0. ஒருவர் படம் பார்க்கும்போதே வீட்டுக் கடனை எண்ணிக் கவலைப்பட்டால், அக்கவலை மற்றவர்களிடம் அதே நொடியில் இராது; சராசரியில் கரைந்துபோகும். எஞ்சி நிற்பது படம் எல்லாரிடமும் எழுப்பியது மட்டுமே.

பொதுக் களஞ்சியம்

காந்தப் பொறியில் ஆட்களைப் படுக்கவைத்துப் படம் காட்ட மாணவன் ஒருவனால் ஆகுமா? பொருளும் இல்லை, பொறியும் இல்லை. ஆனால் பிறர் எடுத்த அளவீடுகள் இன்று எல்லாருக்கும் பொதுவாகக் கிடைக்கின்றன. ஜெர்மனியின் மாக்டெபூர்க் நகரில் மைக்கேல் ஹாங்கே குழுவினர் ‘பாரஸ்ட் கம்ப்’ படத்தை வைத்துத் திரட்டிய தொகுப்பு அவற்றுள் ஒன்று. 2014-இல் வெளிவந்த முதற்பகுதியில், பார்வையற்றோருக்காக ஆக்கப்பட்ட ஒலிவடிவை 20 பேர் கேட்டனர். அவர்களுள் 15 பேர் பின்னர் முழுப் படத்தையும் ஜெர்மன் மொழியில் பார்த்தனர். அது 2016-இல் வெளிவந்தது. காதால் மட்டும் கேட்ட கதையையும், கண்ணாலும் காதாலும் நுகர்ந்த கதையையும் ஒரே ஆளிடம் ஒப்பிட இதில் வழியுண்டு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியார் 2020-இல் வெளியிட்ட தொகுப்பில் 86 பேர் இருக்கின்றனர். பத்து முழுநீளப் படங்களுள் ஒன்றை ஒவ்வொருவரும் பார்த்தனர்.

பாரஸ்ட் தொகுப்பின் அளவைச் சற்று எண்ணிப் பாருங்கள். இரண்டு நொடிக்கு ஒரு முறை மூளை முழுவதும் படமெடுக்கப்படுகிறது. ஒரு படத்தில் 80 பெருக்கல் 80 பெருக்கல் 35 கட்டங்கள். அதாவது 2,24,000 கட்டங்கள். இரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழ 3,600 படங்கள். ஆக ஓர் ஆளுக்கு 80 கோடி எண்கள்! இக்கடலில் வழி தவறாதிருக்க ஓர் ஒழுங்கு வேண்டுமே. 2016-இல் வகுக்கப்பட்ட ‘பிட்ஸ்’ என்னும் முறைப்படி, ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் எண், உடற்கூற்றுப் படத்துக்கு ஓர் உறை, செயற்பாட்டுப் படத்துக்கு ஓர் உறை என எங்கும் ஒரே அமைப்பு. ஆளின் பெயர் இராது. தலைப்படத்திலிருந்து முகப்பகுதியும் நீக்கப்பட்டிருக்கும். திரைப்படம் மட்டும் தொகுப்பில் இராது; அது உரிமையாளரின் சொத்து. குறித்த பதிப்பை நாமே வாங்கி, அவர்கள் தந்த குறிப்பின்படி வெட்டிக்கொள்ள வேண்டும்.

நான் உறங்கவைத்த மனிதர்

இனி என் தவற்றைச் சொல்கிறேன். அந்த இரண்டு மணி நேரப் படம் எட்டுப் பகுதிகளாகக் காட்டப்பட்டது. கதைத் தொடர்பு அறாதிருக்க, முந்தைய பகுதியின் கடைசிச் சில நொடிகள் அடுத்த பகுதியின் தொடக்கத்தில் மீண்டும் வரும். எட்டையும் ஒட்டும்போது அந்த மிகை நொடிகளை நீக்க வேண்டும். நீக்கினேன், 14 பேருக்கு நீக்கினேன். ஒருவருடைய கணக்கு மட்டும் நடுவில் நின்றுபோக, அதை மறுபடி ஓட்டியபோது, திருத்தாத பழைய நிரலைப் பயன்படுத்திவிட்டேன்.

விளைவு என்ன? அவருடைய மூளை முதற்பகுதியில் மற்றவர்களோடு நன்றாக ஒத்தது. இரண்டாம் பகுதியில் குறைந்தது. எட்டாம் பகுதியில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. எனக்கு உடனே ஒரு விளக்கம் கிடைத்தது. ‘பாவம், களைத்து உறங்கிவிட்டார்!’ எவ்வளவு இயல்பான விளக்கம்! அவரை நீக்கிவிட்டால் முடிவும் அழகாக உயர்ந்தது. ஆய்வரங்கில் அப்படியே படிப்பதாக இருந்தேன்.

பேராசிரியரிடம் காட்டினேன். “எட்டாம் பகுதியை மட்டும் தனியாக ஒப்பிட்டுப் பார்த்தாயா, தம்பி?” என்று கேட்டார். இல்லை என்றேன். அன்றிரவே ஒப்பிட்டேன். முதற்பகுதியில் எப்படியோ எட்டாம் பகுதியிலும் அப்படியே ஒத்தது! அந்த மனிதர் கடைசிவரை விழித்திருந்துதான் படம் பார்த்தார். ஒவ்வோர் ஒட்டிலும் நான் விட்ட சில நொடிகள் கூடிக்கூடி, அவருடைய கடிகாரத்தைப் பின்தள்ளியிருந்தன. இன்னும் வெட்கம் தருவது ஒன்றுண்டு. அவருடைய தொடர் மற்றவர்களுடையதைவிட நீளமாக இருந்ததை முன்பே கண்டேன். காரணம் கேளாமல் வாலை வெட்டிச் சமன் செய்துவிட்டேன்.

முகம் நீக்கப்பட்ட அந்த மனிதர் எங்கோ ஜெர்மனியில் இருக்கிறார். இரைச்சலிடும் பொறிக்குள் அசையாது கிடந்து, அறிவுக்காகத் தம்மை ஒப்படைத்தார். நானோ அவர்மீது பழி சுமத்தி வெளியேற்றவிருந்தேன். இவ்வெண்கள் வெறும் எண்களல்ல என்பதை அன்று உணர்ந்தேன். அன்றுமுதல் மூன்று விதிகளை மேற்கொண்டேன். கணக்கிடுமுன் ஒவ்வொருவருடைய தொடரின் நீளத்தையும் எண்ணுவது ஒன்று. யாரை, எதற்காக நீக்குவது என்பதை முடிவைப் பார்க்குமுன்பே எழுதிவைப்பது மற்றொன்று. நிரலையும் முடிவோடு சேர்த்துப் பொதுவில் வைப்பது மூன்றாவது. அளவீடு பொதுவாக இருந்தமையால்தான் என் பிழையை இன்னொருவர் கேள்வி கேட்டு வெளிப்படுத்த முடிந்தது.

வேறு இரு கண்ணிகளும் உண்டு. நகைச்சுவைக் காட்சியில் எல்லாரும் சிரித்தால் எல்லார் தலையும் ஒரே நேரத்தில் அசையும். அசைவால் வரும் பொய்யான ஒற்றுமையை மூளையின் ஒற்றுமை என்று எண்ணிவிடக் கூடாது. மேலும், குருதியின் ஏற்ற இறக்கம் மெதுவாக நிகழ்வதாகையால், தொடர்பில்லாத இரு தொடர்களும் தற்செயலாக ஒத்துப்போகலாம். எனவே, ஒருவருடைய தொடரைக் காலத்தில் முன்பின்னாகப் பலமுறை நகர்த்தி, அப்போது தற்செயலாக எவ்வளவு ஒற்றுமை வருகிறது என்று பார்த்து, உண்மையான ஒற்றுமை அதைவிட மிகுதியானால் மட்டுமே ஏற்க வேண்டும்.

நம் மொழிகள் எங்கே?

கொட்டகையில் எழுந்த ஐயத்துக்குத் திரும்புவோம். ஹனி என்பாரும் ஹாசன் முதலியோரும் 2012-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரு கதையை ஆங்கிலத்தார் ஆங்கிலத்திலும், ருசியர் அதன் ருசிய மொழிபெயர்ப்பிலும் கேட்டனர். ஒலியை முதலில் வாங்கும் பகுதிகளில் இரு குழுவினரும் வேறுபட்டனர். பொருளை உணரும் உயர்பகுதிகளில் ஒத்தனர். ருசியம் அறியாதார் ருசியக் கதையைக் கேட்டபோது, ஒற்றுமை ஒலிப்பகுதியோடு நின்றுவிட்டது. பாதிப் பேர் ஏன் பின்னால் சிரித்தனர் என்பதற்கு இது ஒரு குறிப்புத் தருகிறது அல்லவா?

இச்சோதனையை நம் மண்ணில் செய்ய ஒரு நற்பேறு காத்திருக்கிறது. கே. வி. ரெட்டி இயக்கிய ‘மாயாபஜார்’ 1957-இல் தமிழிலும் தெலுங்கிலும் எடுக்கப்பட்டது. அபிமன்யுவாகத் தமிழில் ஜெமினி கணேசனும், தெலுங்கில் நாகேசுவர ராவும் நடித்தனர். கடோத்கசனாக இரண்டிலும் எஸ். வி. ரங்கா ராவே வருகிறார். அவர் கலியாண விருந்தை உண்ணும் காட்சியை எண்ணுங்கள்: கண்டு களிக்கும் கதை ஒன்று, காதில் விழும் மொழி வேறு. தமிழ் மட்டும் அறிந்தோர், தெலுங்கு மட்டும் அறிந்தோர், இரண்டும் அறிந்தோர் ஆகிய மூவகையினரையும் சித்தூரிலும் திருப்பதியிலும் ஒரே தெருவில் காணலாம். நான் கையாண்ட தொகுப்புகளிலோ ஆங்கிலமும் ஜெர்மனுமே உண்டு. தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை.

குறை சொல்லி அமர்வதால் பயனில்லை. இருக்கும் தொகுப்புகளில் இன்று பழகினால்தான், பொறி கிடைக்கும் நாளில் நம் கை பிழையாது. புள்ளியியல் மாணவர் கணக்கிடட்டும். உளவியல் மாணவர் வினா வகுக்கட்டும். தமிழ் மாணவர் இரு படங்களின் உரையாடலையும் வரிவரியாக நேரம் குறித்து எழுதித் தரட்டும். கடைசியாகச் சொன்ன வேலைக்கு ஒரு கடிகாரமும் பொறுமையும் போதும். அதை வரும் விடுமுறையில் நான் தொடங்கவிருக்கிறேன். உடன் வர விரும்பும் நண்பர்கள் மன்றத்தில் சொல்லுங்கள்.