கஞ்சாவைப் பற்றி பென்னாகரத்தில் சொல்லப்படுபவை

நம்பிக்கை: கஞ்சா மூலிகைதானே, சாராயம் மாதிரி கெடுக்காது.

உண்மை: ஊமத்தையும் செடிதான். சுவீடனில் ராணுவத்துக்கு ஆளெடுத்தபோது பதிவான 45,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1987-இல் முடிவை வெளியிட்டார்கள். சேரும்போதே 50 தடவைக்கு மேல் கஞ்சா பிடித்திருந்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு, பிடிக்காதவர்களைவிட சுமார் 6 மடங்கு. வேறு காரணங்களைக் கழித்துப் பார்த்தபோது அது குறைந்தது, ஆனால் மறையவில்லை. விடலைப் பருவத்தில் தொடங்குவதுதான் பெரிய ஆபத்து.

நம்பிக்கை: தொட்டவனெல்லாம் அடிமை.

உண்மை: இல்லை. எய்ம்ஸ் நடத்திய தேசியக் கணக்கெடுப்பு 2019-இல் வெளியானது. பாங்கு உட்பட கஞ்சா வகைகளை ஓராண்டுக்குள் பயன்படுத்தியவர்கள் 3.1 கோடி. அவர்களில் உதவி தேவைப்படுவோர் சுமார் 72 லட்சம்.

நம்பிக்கை: ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் பையன்மேல் கேஸ் போட்டுவிடுவார்கள்.

உண்மை: பிள்ளைகளை அதிகம் கெடுப்பது இந்தப் பயம்தான். ஊர் வாய்க்கும் போலீசுக்கும் அஞ்சி வீட்டுக்குள்ளேயே மறைத்து வைக்கிறார்கள். நோய் முற்றிய பிறகு தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின்படி கஞ்சாவில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 'சிறிய அளவு'. பயன்படுத்தியதற்காகவோ அந்தச் சிறிய அளவுக்காகவோ வழக்கில் சிக்கிய அடிமை, தானாக முன்வந்து அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், 64ஏ பிரிவு வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கு போய்விடலாம். 2017-இன் மனநலச் சட்டமும் போதையால் வரும் மனப் பாதிப்பை நோயாகவே வரையறுக்கிறது. 14446 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கேட்கலாம். இதையெல்லாம் பென்னாகரம் பேருந்து நிலையத்தில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தாலென்ன?

நம்பிக்கை: ஆராய்ச்சி வேண்டும் என்பவர்கள் கடை திறக்கச் சொல்கிறார்கள்.

உண்மை: அப்படியில்லை. 1893-இல் கஞ்சாவைப் பற்றி ஆராய ஆங்கில அரசு அமைத்த ஆணையம் 1,193 சாட்சிகளை விசாரித்த பிறகே பேசியது. அளவோடு பயன்படுத்துவோருக்குப் பெரும் கேடில்லை, மிதமிஞ்சினால் கேடு, தடையைவிடக் கட்டுப்பாடே ஏற்றது என்றது. இன்றைய கஞ்சாவுக்கு அந்த முடிவு பொருந்த வேண்டியதில்லை. ஆனால் கேட்டுவிட்டு முடிவெடுக்கும் அந்த முறை இன்றைக்கும் வேண்டும்.

பிடிபட்ட கிலோக்கணக்கு செய்தியில் வருகிறது. ஆனால் நமக்குத் தெரிய வேண்டியவை வேறு. பென்னாகரம் வட்டத்துப் பையன்கள் எந்த வயதில் தொடங்குகிறார்கள்? எங்கே தொடங்குகிறார்கள், ஒகேனக்கல் பக்கமா, கட்டட வேலைக்குப் போன பெங்களூரிலா? எத்தனை பேர் சிகிச்சைக்கு வந்தார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள்? பெயரை மறைத்து இந்தக் கணக்கை ஆண்டுதோறும் எடுத்து மக்கள்முன் வைக்க வேண்டும். சட்டத்தை இறுக்குவதா தளர்த்துவதா என்பதை அதைப் பார்த்து முடிவு செய்யலாம்.