உள்ளே -1, வெளியே 255

பழி முதலில் சிலிக்கன் மேல்தான் விழுந்தது. மாதிரி போர்டைக் கழற்றி வேறொன்றை மாட்டினார்கள், மின்னழுத்தத்தை அளந்தார்கள், கிளாக்கைப் பாதியாக இறக்கிப் பார்த்தார்கள். எதற்கும் மசியவில்லை. காலியாக இருக்கும் ஃபிளாஷைப் படித்துவிட்டு "காலி இல்லை" என்றே பூட்லோடர் சாதித்தது. ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைல் செய்தால் ஒழுங்காக ஓடும். ஓ2 போட்டால் மட்டும் கோளாறு. இந்த அறிகுறியைக் கேட்டதுமே கம்பைலரைப் பாருங்கள் என்றேன். டீமுக்குப் புதிதாக வந்தவன் பேச்சு எங்கே எடுபடும்? "டெஸ்ட் சூட் முழுக்கப் பச்சையா இருக்கே பாஸ்" என்றார் டீம் லீட். யாரோ வோலடைல் போட மறந்திருப்பார்கள் என்று ஃபர்ம்வேர் ஆட்களின் கோடில் வரிவரியாகத் தேட ஆரம்பித்தார்கள்.

புதிதாக ஒரு சிப்புக்கு ஜிசிசியை எடுத்துப் போய்ச் சேர்க்கிற வேலையில் நீங்களும் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கையில் சிப் மேனுவல், யாரோ பாதியில் விட்டுப்போன போர்ட், மேலே ஒரு கெடு தேதி. இல்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டாலும் வருத்தமில்லை.

வழக்கமான வேலைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பைட்டுக்கு எத்தனை பிட், வேர்டுக்கு எத்தனை பைட், பாயின்டர் எவ்வளவு அகலம், பைட் வரிசை எந்தப் பக்கத்திலிருந்து, வேர்ட் வரிசை எந்தப் பக்கத்திலிருந்து என்று மேக்ரோக்களை நிரப்ப வேண்டும். பைட்டுக்கும் வேர்டுக்கும் ஏன் தனித்தனி மேக்ரோ என்று கேட்பவர்கள் பிடிபி-11ஐப் பார்க்கவும். அதில் பைட் ஒரு வரிசை, வேர்ட் எதிர் வரிசை. மேனுவலைத் திறந்து வைத்துக்கொண்டால் ஒரு மதியத்தில் முடிகிற சமாசாரம். இதிலெல்லாம் யாரும் பெரிதாகத் தவறுவதில்லை. தவறினாலும் முதல் புரோகிராமிலேயே தெரிந்துவிடும்.

விஷயம் மோடில் இருக்கிறது. சி மொழியில் நீங்கள் எழுதும் இன்ட், சார், லாங் எல்லாம் ஜிசிசியின் பின்பாதிக்குள் வரும்போது பெயர் இழந்துவிடும். அங்கே ஆர்டிஎல் என்கிற இடைநிலை வடிவம். அதில் ஒவ்வொரு கோவைக்கும் மெஷின் மோட் என்று ஒரு முத்திரை. ஒரு பைட் முழு எண் கியூஐ, இரண்டு பைட் எச்ஐ, நான்கு எஸ்ஐ, எட்டு டிஐ, பதினாறு டிஐ என்று உச்சரித்தாலும் முதல் எழுத்து வேறான இன்னொன்று. மிதவைப் புள்ளிக்கு எஸ்எஃப், டிஎஃப், எக்ஸ்எஃப். ஸ்ட்ரக்ட் போல எதிலும் அடங்காததற்கு பிளாக்-மோட். நான்கு பைட்டில் உட்கார்ந்தாலும் நான்கையும் பயன்படுத்தாத எண்ணுக்குப் பிஎஸ்ஐ. எம்எஸ்பி430எக்ஸ் சிப்பின் 20 பிட் பாயின்டர் இப்படித்தான் குடியேறியது. மோட் சொல்வது அளவையும் வடிவத்தையும் மட்டும். சைன் உள்ளதா இல்லையா என்பது அதில் கிடையாது. சைன்ட் சார், அன்சைன்ட் சார் இரண்டுமே கியூஐ-தான். சைன் தேவைப்படும் இடத்தில் அதைச் செயலே சுமக்கும்: சைன் பார்த்து வகுக்க ஒரு குறி, பார்க்காமல் வகுக்க வேறொரு குறி. சைனோடு நீட்டுவது ஒன்று, சுழியால் நீட்டுவது ஒன்று. சிறிது-பெரிது பார்ப்பதிலும் இதே இரட்டை.

இதுவரை எல்லோருக்கும் புரிகிறது. கால் இடறுவது மாறிலியில்.

ஆர்டிஎல்லில் முழு எண் மாறிலிக்கு மோடே கிடையாது. கான்ஸ்ட்-இன்ட் என்று எழுதி எண்ணைப் போட்டால் அதன் மோட் வாய்ட், அதாவது ஒன்றுமில்லை. எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்தின் மோடை அது ஏற்றுக்கொள்ளும். ஆனால் கம்பைலருக்குள் அது 64 பிட் எண்ணாகச் சேமிக்கப்படுகிறது. எட்டு பிட்டில் எல்லாம் ஒன்றாக இருக்கும் மதிப்பை 64 பிட்டில் எப்படி வைப்பது? 255 என்றும் வைக்கலாம், -1 என்றும் வைக்கலாம். ஜிசிசியின் விதி தெளிவானது: எப்போதும் சைன் நீட்டியே வைக்க வேண்டும். கியூஐ-மோடில் 255 என்று ஒரு மாறிலி இருக்கவே கூடாது, அது -1. 128 கிடையாது, அது -128. உங்கள் மாறி அன்சைன்ட் என்பதால் இதில் சலுகை எதுவும் இல்லை. ஜிசிசியின் உள்கட்டமைப்புக் கையேட்டில் கான்ஸ்ட்-இன்ட் பற்றிய பகுதியிலேயே இது இருக்கிறது. படித்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கதை.

மாறிலியை உருவாக்க இரண்டு வழி. மோடையும் கேட்டு வாங்கி, விதிப்படி சைன் நீட்டித் தருவது ஜென்-இன்ட்-மோட். கொடுத்த எண்ணைக் கேள்வி கேட்காமல் அப்படியே போட்டுத் தருவது பெரிய எழுத்தில் எழுதும் ஜென்-இன்ட். பெயர் குட்டையாக இருப்பதாலோ என்னவோ, அவசரக்காரர்கள் இரண்டாவதையே பிடித்துக்கொள்கிறார்கள்.

எனக்கு முன்னால் அந்த இருக்கையில் இருந்தவர் அப்படித்தான் பிடித்துக்கொண்டார். எங்கள் சிப்பில் பைட்டை மாறிலியோடு ஒப்பிட ஒரு தனிக் கட்டளை உண்டு. மேனுவலில் அதன் மாறிலி 0 முதல் 255 வரை என்று அச்சாகியிருக்கிறது. அசெம்ப்ளரும் அப்படித்தான் வாங்கும். -1 கொடுத்தால் பிழை சொல்லும். அதற்காக ஒரு பில்ட்-இன் ஃபங்ஷன் எழுதினார். அதை ஆர்டிஎல்லாக விரிக்கும் இடத்தில், மாறிலியை எட்டு பிட் மாஸ்க்கோடு ஆண்ட் செய்து ஜென்-இன்டிடம் கொடுத்துவிட்டார். -1 வந்தால் 255 ஆகிவிடும், அசெம்ப்ளர் கோபித்துக்கொள்ளாது. பொதுவான பிரெடிகேட் இந்த 255ஐ ஏற்காது என்று தெரிந்ததும் என்ன செய்தார் தெரியுமா? ஏன் ஏற்கவில்லை என்று பார்க்கவில்லை. 0 முதல் 255 வரை ஏற்கும் சொந்த பிரெடிகேட் ஒன்றை எழுதிக்கொண்டார். வாயிற்காவலன் தடுத்தால் சுவரில் தனிக் கதவு வைத்துக்கொள்வது இதுதான். அவர் வேறு கம்பெனிக்குப் போன பிறகு போன் செய்து கேட்டேன். "மேனுவல்ல 0ல இருந்து 255ன்னுதானே பாஸ் போட்டிருக்கு?" என்றார். மேனுவல் சொல்வது கட்டளையின் பிட்களைப் பற்றி. கம்பைலர் தன் மனதுக்குள் எண்ணை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சிப் மேனுவல் ஏன் சொல்லப்போகிறது?

பூட்லோடரில் நடந்தது இதுதான். ஒரு பைட் மாறி. பக்கம் முழுக்க அழிந்த நிலையில் இருந்தால் அதில் 255, ஏதாவது எழுதப்பட்டிருந்தால் 0. இரண்டு வழியும் வந்து சேரும் இடத்தில் பில்ட்-இன் கொண்டு மாறி 255-தானா என்று ஒப்பீடு. பில்ட்-இனுக்குள் என்ன இருக்கிறது என்று கம்பைலரின் முன்பாதிக்குத் தெரியாது. ஆர்டிஎல்லாக விரிந்த பிறகுதான் வெளிச்சம். அங்கே ஒரு ஆப்டிமைசேஷன் பாஸ், ஒவ்வொரு வழியாக வரும்போதும் மாறியின் மதிப்பு என்ன என்று பார்த்து, விடை முன்கூட்டியே தெரிந்தால் ஒப்பீட்டைத் தாண்டி நேராகப் போக வேண்டிய இடத்துக்குக் கிளையைத் திருப்பிவிடும். காலி வழியில் மாறிக்குள் போனது -1, ஏனென்றால் அந்த மதிப்பேற்றத்தை உருவாக்கியது ஜிசிசியின் சொந்தக் கோட், விதிப்படி. ஒப்பிட வேண்டியது 255, ஏனென்றால் அதை உருவாக்கியது நம்மவர். -1ம் 255ம் சமமா? இல்லை. அப்படியானால் காலி இல்லை. கிளை திரும்பியது, ஒப்பீட்டுக் கட்டளையே மறைந்தது. ஆப்டிமைசேஷன் இல்லாதபோது அந்த பாஸ் ஓடாது. கட்டளை அச்சாகி, வன்பொருள் எட்டு பிட்டை எட்டு பிட்டோடு ஒப்பிட்டுச் சரியான விடை தந்துவிடும். சிலிக்கன் ஆட்களிடம் யாரும் இன்றுவரை மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

இதைக் கண்டுபிடிக்க மேதைமை வேண்டாம், பொறுமை வேண்டும். எல்லா ஆர்டிஎல் டம்ப்பையும் எழுதச் சொல்லும் ஆப்ஷனைப் போட்டு, விரித்த உடனே வரும் ஃபைலை எடுத்து ஒப்பீட்டு வரியைப் பாருங்கள். டம்ப்பில் மாறிலிக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் அதன் பதினாறடிமான வடிவமும் இருக்கும். மதிப்பேற்றத்தில் -1, அடைப்புக்குள் பதினாறு எஃப். அதற்குச் சில வரி கீழே, அதே கியூஐ ரெஜிஸ்டரோடு ஒப்பீட்டில் 255, அடைப்புக்குள் இரண்டே எஃப். அந்த இரண்டு எஃப்பை நான் பார்த்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். அதற்குள் பல வாரம் போயிருந்தது, அதில் பெரும்பகுதி கூட்டங்களில்.

அந்த வாரங்களே தேவையில்லாமல் போனவை என்பதுதான் இன்னும் எரிகிறது. இந்த விதியை மீறினால் ஜிசிசி தானே கத்தும். மோடோடு சேர்த்து மாறிலியைப் பிரித்துப் பார்க்கும் இடத்தில் ஒரு சோதனை இருக்கிறது. சைன் நீட்டப்படாத எண் வந்தால் ஆர்டிஎல் ஹெட்டர் ஃபைலின் பெயரைச் சொல்லி, டீகம்போஸ் என்ற இடத்தில் இன்டர்னல் கம்பைலர் எரர் என்று நின்றுவிடும். ஆனால் அது சோதனைகளை இயக்கிக் கட்டிய கம்பைலரில் மட்டும். வளர்ச்சிக் கிளையில் இவை இயல்பாகவே இயங்கும். வெளியிட்ட பதிப்பின் டார்பாலை இறக்கிக் கட்டினால் இவற்றில் பெரும்பாலானவை அணைந்தே வரும். எங்கள் டீம் இறக்கியது வெளியீட்டுப் பதிப்பு. நிலையானதாம். கான்ஃபிகர் செய்யும்போது எனேபிள்-செக்கிங் என்பதற்கு எஸ் என்று கொடுத்தாலே போதும். கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, டெஸ்ட் ஓட நேரமாகும் என்று மறுத்தார்கள். டம்ப்பைப் பார்த்த அன்றிரவே என் மெஷினில் அப்படிக் கட்டி, பூட்லோடர் ஃபைலை ஒரே ஒருமுறை கம்பைல் செய்தேன். டீகம்போஸ் என்று நின்றது. ஆகவே: போர்ட் எழுதும் காலம் முழுக்க செக்கிங் எஸ். யார் தடுத்தாலும் சரி. ஆர்டிஎல் செக்கிங்கையும் சேர்த்தால் இன்னும் மெதுவாகும், இரவில் ஓடவிடுங்கள்.

அந்தப் பச்சை டெஸ்ட் சூட் பற்றி ஒரு வார்த்தை. ஜிசிசியோடு வருவது ஜிசிசிக்குத் தெரிந்ததைச் சோதிக்கும். நீங்கள் எழுதிய பில்ட்-இன் அதற்கு எப்படித் தெரியும்?

எல்எல்விஎம்முக்குப் போயிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை என்று மதிய உணவில் சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மை. அங்கே மாறிலி தன் அகலத்தைத் தன்னோடேயே வைத்திருக்கிறது. ஐ8-இல் 255ம் -1ம் ஒரே பிட்கள், ஒரே மாறிலி. சைன் அங்கேயும் டைப்பில் இல்லை, செயலில்தான். ஆனால் பின்பாதியில் கட்டளைகளாக இறங்கியதும் கட்டளைக்குள் இருக்கும் மாறிலி அகலமில்லாத 64 பிட் எண்ணாகிவிடும். அதை சைனோடு படிப்பதா இல்லாமல் படிப்பதா என்று அங்கேயும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். வியாதி அதே, படுக்கிற வார்டு வேறு. எங்கள் சிப்புக்கு ஜிசிசியே சரி என்று நான் அன்று சொன்னதை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை.

மிதவைப் புள்ளி பக்கம் போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு. டபுள் என்றால் எட்டு பைட் என்று நம்ப வேண்டாம். ஏவிஆரில் ஜிசிசி இயல்பாகத் தருவது நான்கு. எக்ஸ்எஃப்-மோடின் மதிப்பு 80 பிட், ஆனால் இன்டெல் 32 பிட் லினக்ஸில் அது 12 பைட்டில் உட்காரும், 64 பிட்டில் 16 பைட்டில். மிச்ச பைட்களில் என்ன இருக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. இரண்டு லாங் டபுளை மெம்-கம்ப் போட்டு ஒப்பிட்டுவிட்டு கம்பைலரைத் திட்டாதீர்கள். சார் சைன்ட்-ஆ இல்லையா என்பதும் சிப்புக்குச் சிப் மாறும்: இன்டெல்லில் ஆம், ஆர்ம் லினக்ஸில் இல்லை.

பூட்லோடர் கோளாறுக்கான திருத்தம் சின்னது. விரிக்கும் இடத்தில் மாஸ்க்கை எடுத்துவிட்டு ஜென்-இன்ட்-மோட். அசெம்ப்ளருக்கு 255 வேண்டும் என்றால் அந்த மாஸ்க் இருக்க வேண்டிய இடம் ஆப்பரன்டை அச்சிடும் ஹுக். கம்பைலரின் வேலை எல்லாம் முடிந்து, எழுத்தாக வெளியே போகிற கடைசி வாசல். சொந்த பிரெடிகேட்டை அழித்தேன். கியூஐ-மோடில் விதிப்படி வைத்த எந்த மாறிலியும் எட்டு பிட்டில் அடங்கிவிடும், வரம்பு பார்க்கவே வேண்டியதில்லை. பேட்ச்சில் சேர்த்த வரிகளைவிட நீக்கிய வரிகள் அதிகம். அதற்கும் ரிவ்யூவில் "இவ்வளவுதானா?" என்றார்கள்.

கூடவே ஒரு டெஸ்ட் எழுதி உள்ளே வைத்தேன். பில்ட்-இனை 0 முதல் 255 வரை ஒவ்வொரு மாறிலியோடும், மதிப்பு முன்கூட்டியே தெரிந்த வழியிலும் தெரியாத வழியிலும், ஓ0விலும் ஓ2விலும் ஓட்டும். ஃபைலைக் கையால் எழுதாதீர்கள், ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். உங்கள் போர்ட்டில் 127 வரை தேறி 128ல் விழுந்தால் கிரெப் எடுத்து ஜென்-இன்டைத் தேடுங்கள். எங்கள் போர்ட் ஃபைலில் தேடியபோது இன்னும் சில கிடைத்தன. எச்ஐ-மோடில், 65535 என்று.