கண்மாய் நீரும் கிணற்று நீரும்

பழங்காநத்தத்தையடுத்த மாடக்குளம் கண்மாய் நிறைந்தால், அண்டைக் கிணறுகளில் நீர் ஊறுவது எவ்வாறு? மணலில் நீர் விரைந்து இறங்கும். களிமண்ணில் மெல்லக் கசியும். மதுரைச் சமவெளியின் அடியிலிருப்பது கடும்பாறையாகும். ஆகையால் இறங்கிய நீர், பாறையின்மேல் சிதைந்துள்ள படலத்திலும் பாறை வெடிப்புகளிலுமே தங்கி, சரிவை நோக்கி மெதுவாக நகரும். வெடிப்பு அகப்படாவிடில், எத்துணை ஆழம் துளையிட்டாலும் பயனில்லை.

நீர் செல்லும் வழியே, அதில் கரைந்த சாயமும் உப்பும் செல்லும். திருப்பூரில் சாயக்கழிவு நொய்யலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தமையால், 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது.

ஆதலின், விவசாயிகள் கண்மாயையும் வரத்துக்காலையும் தூர்வாரிக் காத்தல் வேண்டும். நெசவாளர்கள் சாயநீரைச் சுத்திகரிக்காமல் மண்ணில் விடலாகாது. இருவருக்கும் ஊற்று ஒன்றே.