வண்டி திருடு போனால்... சட்டமும் கொஞ்சம் உலோகவியலும்

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், இளையாத்தங்குடி)



எங்கள் ஊர்ப் பேரைச் சொன்னதும் கைலாசநாதர் கோயிலைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். நகரத்தார் கோயில்கள் ஒன்பதில் அதுவும் ஒன்று. நான் சொல்லப் போவது கோயிலைப் பற்றியல்ல. 2022-இல் ஒரு விசேஷ நாளன்று அதன் பக்கத்தில் நிறுத்திய எங்கள் சித்தப்பாவின் டி.வி.எஸ். எக்ஸ்.எல். காணாமல் போன கதையை. பால் ஊற்றும் வண்டி அது. வண்டி போனதும் பிழைப்பும் போச்சு.

சித்தப்பா அன்று மாலையே ஸ்டேஷனுக்குப் போய் மனுக் கொடுத்து, ஒரு சீட்டு வாங்கி வந்தார். "கேஸ் போட்டாச்சுடா" என்று அதை மூன்று மாதம் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். பிறகுதான் தெரிந்தது, அது வெறும் சி.எஸ்.ஆர். ரசீது. மனு வந்தது என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவே. வழக்கு என்பது எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகுதான் ஆரம்பம். திருட்டு போன்ற குற்றத்தில் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்தே தீர வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்திருக்கிறார்கள். அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் புகாரை அனுப்பலாம். அதற்கும் பலனில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். நாங்கள் தபால் அனுப்பினோம், பதிவானது.

தண்டனை என்ன என்று கேட்பீர்கள். ஐ.பி.சி. 379-இல் மூன்று வருடம் வரை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அதுவே 303(2). இரண்டாம் முறை தண்டிக்கப்பட்டால் ஒரு வருடத்துக்குக் குறையாமல் ஐந்து வருடம் வரை. சரக்கோ பயணிகளோ ஏற்றும் வாகனத்தைத் திருடினால் 305-ஆம் பிரிவுப்படி ஏழு வருடம் வரை போகும். திருட்டு வண்டி என்று தெரிந்தே வாங்கியவனும் தப்ப முடியாது. பாதி விலைக்கு பைக் தேடும் நம் ஹாஸ்டல் நண்பர்கள் கவனிக்க!

ஆறு மாதம் கழித்து வண்டி கிடைத்தது. நம்பர் பிளேட் வேறு. ஃபிரேமில் குத்தியிருந்த சேஸிஸ் நம்பரை கிரைண்டரால் ராவியிருந்தான். இது நம்ம வண்டிதான் என்று கோர்ட்டில் எப்படி நிரூபிப்பது? இங்கேதான் நம் மெட்டீரியல் சயன்ஸ் பாடம் வருகிறது. எழுத்தைப் பஞ்ச் செய்யும்போது மேலே தெரியும் பள்ளம் மட்டும் உண்டாவதில்லை. அதற்கு அடியிலுள்ள உலோகமும் அழுந்தி இறுகிப் போகிறது. வொர்க் ஹார்டனிங் என்று படித்தோமே, அதேதான். பள்ளத்தை ராவி எடுத்தாலும் இறுகிய பகுதி உள்ளே இருக்கும். இடத்தைப் பாலிஷ் செய்து ஃப்ரை திராவகத்தைத் (குப்ரிக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்தது) தடவினால், இறுகிய பகுதியும் மற்ற பகுதியும் வேறு வேறு விதமாக அரிபடும். நம்பர் மங்கலாகத் தெரியும், உடனே போட்டோ எடுத்துவிடுவார்கள். ரொம்ப ஆழமாக ராவியிருந்தால் ஒன்றும் வராது. சித்தப்பா வண்டியில் நாலைந்து எழுத்து தெளிவாக வந்தது. ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்தியது.

வண்டி கிடைத்தும் கைக்கு வரவில்லை. ஸ்டேஷன் வளாகத்தில் வேப்பமரத்தடியில் மழையில் நனைந்து கிடந்தது. "கேஸ் முடியட்டும்" என்றார் ஏட்டையா. அது சரியல்ல. சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-இலேயே உச்ச நீதிமன்றம், பிடிபட்ட பொருட்களைப் பதினைந்து நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் ஸ்டேஷனில் வைக்கக் கூடாது என்றது. போட்டோ எடுத்து, மகஜர் எழுதி, ஜாமீன் பத்திரம் வாங்கிக்கொண்டு சொந்தக்காரரிடம் கொடுக்கலாம். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒரு மனுப் போட வேண்டும், அவ்வளவே. புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 497-ஆம் பிரிவில் இதற்குக் காலக்கெடுவே உண்டு. பதினாலு நாளில் பட்டியல் தயாரித்து, போட்டோ எடுத்து, அடுத்த முப்பது நாளில் கோர்ட் உத்தரவு போட வேண்டும்.

இன்சூரன்ஸ் பணம்? சித்தப்பாவுடையது தேர்ட் பார்ட்டி மட்டும். அதில் திருட்டுக்குச் சல்லிக்காசு கிடையாது. முழு பாலிசி இருந்தால் கிடைக்கும். 2010-இல் டிராக்டரைப் பறிகொடுத்த குர்ஷிந்தர் சிங் அன்றே எஃப்.ஐ.ஆர். போட்டார், கம்பெனிக்கு 52 நாள் கழித்துத்தான் சொன்னார். தாமதம் என்று கம்பெனி கைவிரித்தது. போலீசுக்கு உடனே சொல்லிவிட்டதால் அந்தத் தாமதத்தைக் காரணம் காட்டி மறுக்க முடியாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் இரண்டு இடத்துக்கும் அன்றே சொல்லிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

இப்போது சித்தப்பா பால் ஊற்றுகிறார், அதே வண்டியில். வழக்கு நடக்கிறது, அதுவரை விற்கக் கூடாது, சம்மன் வந்தால் வண்டியோடு போய் நிற்க வேண்டும். வீட்டில் எல்லா வண்டிக்கும் சேஸிஸ் நம்பர் மேல் பேப்பர் வைத்து பென்சிலால் தேய்த்து ஒரு ட்ரேஸ் எடுத்து, ஆர்.சி. நகலோடு ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன். ஐந்து நிமிட வேலை.