இதயத்துக்கு ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம்?



உடற்பயிற்சி செய்தால் இதயத்துக்கு நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் எவ்வளவு செய்யணும்? அதைப் பற்றித்தான் இந்த முறை பார்க்கப் போகிறோம்.

இதயம் எவ்வளவு உழைக்கிறது?

இதயம் அவரவர் மூடிய கை அளவுதான் இருக்கும். பெரியவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை துடிக்கும். 72 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

72 × 60 × 24 = 1,03,680

ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கும் மேலே! ஞாயிற்றுக்கிழமை லீவு கூடக் கிடையாது.

இதயம் தசையால் ஆனது. தசைக்கு வேலை கொடுத்தால் பலம் வரும். பலமான இதயம் ஒரே துடிப்பில் அதிக ரத்தத்தைத் தள்ளும். அதனால் ஓய்வில் குறைவாகத் துடித்தாலே போதும். 72 தடவை துடித்த இதயம் 65 தடவை துடித்தால், ஒரு நாளைக்கு 10,080 துடிப்பு மிச்சம்! ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கவும் உடற்பயிற்சி உதவும்.

டிரைவரும் கண்டக்டரும்

லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டர் இருந்தார். அங்கே ஓடும் மாடி பஸ்களின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, 1953இல் முடிவை வெளியிட்டார். இரண்டு பேருக்கும் ஒரே பஸ், ஒரே ரோடு, ஒரே புகை. ஆனால் மாரடைப்பு டிரைவர்களுக்குத்தான் அதிகம். காரணம் என்ன? டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி ஏறி இறங்கினார். உடல் உழைப்பு இதயத்தைக் காக்கும் என்று பிறகு வந்த பல ஆராய்ச்சிகளும் காட்டின.

சரி, எவ்வளவு வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு இது:

1. பெரியவர்கள்: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி (வேக நடை, சைக்கிள்). அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி (ஓட்டம்).
2. 5 வயது முதல் 17 வயது வரை, அதாவது நாம்: சராசரியாகத் தினமும் 60 நிமிடம். வாரத்தில் 3 நாளாவது நன்றாக மூச்சு வாங்கும்படி இருக்கணும்.

மிதமா, கடுமையா என்று எப்படித் தெரியும்? பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதம். நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்கினால் கடுமை.

அப்போ வீட்டு வேலை? தண்ணீர்க் குடம் தூக்குவது, வாசல் கூட்டுவது, வயல் வேலை எல்லாம் மூச்சை வேகமாக்கினால் கணக்கில் சேரும். உட்கார்ந்து காய் நறுக்குவது சேராது. டிவிஎஸ் 50இல் டீக்கடைக்குப் போவதும் சேராது!

பழனி நடை போதுமா?

நம்ம பக்கத்தில் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போகிறார்கள். பல நாள் நடக்கும் பெரிய நடை அது. ஆனால் "பழனிக்கே நடந்துட்டேன், இனி வருஷம் பூரா நடக்க வேண்டாம்" என்று நினைத்தால் தப்பு. பயிற்சியை நிறுத்திய சில வாரங்களிலேயே அதன் பலன் குறையத் தொடங்கும். உண்டியலில் காசு சேர்ப்பது போல உடற்பயிற்சியைச் சேர்த்து வைக்க முடியாது. வாரா வாரம் செய்யணும்.

தமிழக அரசு 2023 நவம்பர் 4இல் "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தைத் தொடங்கியது. 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைக்குத் திட்டமிட்டார்கள். 8 கிலோமீட்டரா என்று பயப்பட வேண்டாம். தினமும் 10,000 அடி என்ற பேச்சு, 1960களில் ஜப்பானில் விற்ற அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2025இல் வெளியான ஒரு கட்டுரையில், தினம் 7,000 அடி நடந்தவர்களுக்கே நல்ல பலன் தெரிந்தது. கொஞ்சம் நடந்தாலும், நடக்காமல் இருப்பதைவிட மேல்.

பெண் பிள்ளைகள் நிலைமை

11 முதல் 17 வயதுப் பிள்ளைகளைப் பற்றி 146 நாடுகளில் எடுத்த கணக்கை உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்டது. தினம் 60 நிமிடம் என்ற அளவை எட்டாதவர்கள், பையன்களில் நூற்றுக்கு 78 பேர். பெண் பிள்ளைகளில் 85 பேர்!

நம்ம ஊரிலும் பாருங்கள். சின்ன வயசில் பாண்டி, நொண்டி, ஓடிப்பிடிச்சு என்று விளையாடுகிறோம். பெரிய பிள்ளை ஆனதும், "பொம்பளப் புள்ளைக்கு என்ன ஓட்டம் வேண்டிக்கெடக்கு?" என்று கேட்கிறார்கள். கேம்ஸ் பீரியடில் பையன்கள் கிரவுண்டில் ஓடுவார்கள். நாங்கள் மரத்தடியில் உட்கார்ந்து நோட்டில் படம் வரைவோம். பரீட்சை வந்தால் அந்தப் பீரியடும் கணக்குக்குப் போய்விடும். ஆனால் இதயத்தில் ஆண் இதயம், பெண் இதயம் என்று இரண்டு விதி இல்லையே!

60 நிமிடம் கஷ்டமே இல்லை:

பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போக, வர – 30 நிமிடம்
கோகோ, வளையப் பந்து, ஸ்கிப்பிங் – 20 நிமிடம்
தண்ணீர் எடுப்பது – 10 நிமிடம்

ஆசிரியர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள்: கேம்ஸ் பீரியடை எங்களுக்கே விட்டுவிடுங்கள். கிரவுண்டில் பாதி இடத்தைப் பெண் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். தோழிகளே, இடம் கிடைத்த பிறகு மரத்தடியிலேயே உட்கார்ந்திருக்கக் கூடாது, சரியா?

செய்து பாருங்கள்

கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில் இரண்டு விரலை வையுங்கள். ஒரு நிமிடம் நாடித்துடிப்பை எண்ணுங்கள். பிறகு 50 தடவை ஸ்கிப்பிங் செய்துவிட்டு மறுபடி எண்ணுங்கள். வித்தியாசத்தை நோட்டில் எழுதுங்கள்.

கவனம்: இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே பயிற்சியைத் தொடங்கணும். யாருக்காவது நெஞ்சு வலித்து, வியர்த்துக் கொட்டினால், "வாயுப் பிடிப்பு" என்று சோடா வாங்கிக் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். உடனே 108க்குப் போன் செய்யுங்கள்.

சும்மா நிறுத்திய சைக்கிள் துருப்பிடிக்கும்!
தினமும் ஓடும் கால், இதயத்தைக் காக்கும்!

– 9ஆம் வகுப்பு மாணவி